முப்பத்தேழாவது சத்தம்

பயப்படாதீங்க அத்தை, கண்டக்டர் வந்துருவார். டீ கிளாஸை வைத்துவிட்டுப் பஸ் பின்னாலேயே ஓடி வருகிறார், பின்கண்ணாடியில் பாருங்க. "போலாம் ரைட்" சொன்னது அவர் இல்லை, நான்தான். மூக்கில் சளி கட்டினது போல ஆரம்பித்துக் கடைசி எழுத்தை விழுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. டிரைவர் மேல் தப்பில்லை. இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்குத்தானே கியர் போடுகிறார்.

ஏறிவிட்டார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் டிரைவரைத் திட்டுகிறார். திட்டட்டும். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பாருங்க.

முன்சீட்டில் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, பச்சைச் சுடிதார், அவள்தான் என் அக்கா. உலகம்மாள். எம்.எஸ்ஸி. விலங்கியல். யூனிவர்சிட்டியிலிருந்துதான் வருகிறோம். கைக்கு எட்டின பட்டத்தை இவளே வாய்க்கு எட்டவிடாமல் தட்டிவிட்டு வந்திருக்கிறாள். நான் இசக்கி, பிளஸ் டூ. ஊர் வர ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்க, பைத்தியம் யாரென்று.

எம்.எஸ்ஸி.யில் கடைசி வருஷம் ஆளுக்கொரு ப்ராஜெக்ட் தனியாகச் செய்ய வேண்டும் அத்தை. அக்கா வகுப்பில் பதினாறு பேர். பதினைந்து பேர் கொசுப்புழு. ஒருத்தி வேப்பிலைச் சாறு, ஒருத்தி நொச்சி, ஒருத்தி ஆடாதொடை. இலை மாறும், புழு மாறாது. சாற்றை ஊற்று, எத்தனை செத்தது என்று எண்ணு, அட்டை போட்டுக் கொடு, பாஸ். இவள் மட்டும் குரங்கு என்றாள். எங்கள் ஊர்ச் சுனைப்பாறை மலைக் குரங்குகள் ஒன்றையொன்று என்ன சொல்லிக் கூப்பிடுகின்றன, அதைக் கேட்டு மற்றது என்ன செய்கிறது, அதைக் கண்டுபிடிக்கப் போகிறாளாம்.

அவளுடைய கைடு தங்கமாரியப்பன் சார். அவர் பேச்சைக் கேட்டால் தொண்டைக்குள் தவளை உட்கார்ந்திருப்பது போல இருக்கும், இப்படி: "ஏம்மா உலகம்மா, கொசுன்னா அதுவா வந்து கடிக்கும். குரங்குன்னா நாமளா தேடிப்போயில்லா கடி வாங்கணும்." முழங்கால் வலி, மலையேற மாட்டேன், நீயே பார்த்து நீயே எழுதிக்கொள், கையெழுத்துக்கு மட்டும் வா என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. வனத்துறைக்கு எழுதி அனுமதி வாங்கினாள். அதற்கே நாலு மாதம்.

மலையில் இரண்டு கூட்டம். மேலே கோயில் கூட்டம், கீழே பஸ் ஸ்டாண்டு கூட்டம். நடுவில், ரோடு வளைகிற இடத்தில், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தாண்டி அது இங்கே வராது, இது அங்கே போகாது. அக்கா எல்லாக் குரங்குக்கும் நம்பர் போட்டிருந்தாள்: ஆண் ஒன்று, பெண் ஏழு. நம்பரை வைத்துக்கொண்டு யார் பழகுவது? நான் பேர் வைத்தேன். கோயில் கூட்டத்துத் தலைவன் தோளைத் தூக்கிக்கொண்டு நடப்பான், வட்டச் செயலாளர். ஸ்டாண்டு கூட்டத்துத் தலைவனுக்கு ஒரு காது பாதிதான், மிலிட்டரி. பெண் ஏழு என்றவள் கோயில் கூட்டத்துச் சின்ன வயசுக்காரி, அப்போதுதான் முதல் குட்டி போட்டிருந்தாள், சிட்டு. என் பேரெல்லாம் அக்காவுக்குப் பிடிக்காது. பேர் வைத்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் கணக்கு தப்பும் என்பாள். ஆனால் மறந்தாற்போல ஒருநாள் அவளே "சிட்டு எங்கட்டி காணும்" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

முதல் ஐந்து மாதம் சத்தம் பிடித்தாள். காலை ஆறு மணிக்கு மைக்கோடு போவாள். நாய் வந்தால் ஒரு கத்தல், தீனி கண்டால் ஒரு கத்தல். மொத்தம் முப்பத்தேழு சத்தம். முப்பத்தேழாவதுதான் நல்லது. சிட்டுவின் குட்டிக்கு ஒரு கால் படிக்கட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டபோது அம்மாவைத் தேடிக் கத்தியது. கேட்டால் நீங்களே எழுந்து குட்டியைத் தேடிப் போவீங்க. இப்போது செய்து காட்டச் சொல்லாதீங்க. பஸ்ஸில் வேண்டாம்.

அடுத்தது, பிடித்த சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு, குரங்கு எத்தனை செகண்டு திரும்பிப் பார்க்கிறது, எத்தனை ஓடி வருகிறது என்று கேமராவில் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஸ்பீக்கரோடு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஓர் ஆள், அது நான். எதிரே கேமராவோடு அவள். இங்கேதான் அத்தை, படித்தவர்கள் எவ்வளவு விவரம் இல்லாதவர்கள் என்று பாருங்க. எந்தச் சத்தம் போட வேண்டும் என்று ஒரு சீட்டு, அது கவருக்குள், கவர் என்னிடம். அவள் காதில் பெரிய ஹெட்போன், அதில் நாதஸ்வரம். ஏன் என்று கேட்டேன்.

"நீ எந்தச் சத்தம் போடுதன்னு எனக்குத் தெரியப்பிடாது ஏட்டி. தெரிஞ்சா நான் எனக்கு வேண்டியதத்தான் எண்ணுவேன். ஆராய்ச்சின்னா மொதல்ல நம்மளையே நம்பப்பிடாது."

தன்னை நம்பக் கூடாதாம். என்னை நம்பலாமாம். அப்படியென்றால் தப்பு யார் மேல்?

மூன்றாவது நாளே ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நான்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். சொன்னால் அடிப்பாள். அவள் அந்தப் பக்கம் ரெடி என்று கையைத் தூக்கிவிட்டாள். சீட்டில் நாய்க் கத்தல் என்று இருந்தது, நாயைக் கண்டு குரங்கு கத்துவது. எனக்குத் தெரியாத நாய்க் கத்தலா? அடிவயிற்றிலிருந்து எடுத்து வாயாலேயே கொடுத்தேன். அத்தை, கோயில் கூட்டம் பத்தொன்பதும் ஒரே நேரத்தில் மரத்தில் ஏறின. ஸ்பீக்கருக்கு நாலு ஐந்து தலைதான் திரும்பும்.

அன்றைக்குச் சாயங்காலம் லேப்டாப்பில் அந்தப் படத்தைச் சத்தத்தை நிறுத்திவைத்து எண்ணினாள். எண்ணும்போதும் தெரியக் கூடாதாம். எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள் பாருங்க, ஒரு பார்வை. "பத்தொம்பதும் ஏறிட்டு இசக்கி. முப்பத்தெட்டு செகண்டு எறங்கவே இல்ல." எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். அதற்கப்புறம் ஸ்பீக்கரை நான் எதற்குத் தொடப் போகிறேன்?

பதினொரு வாரம். எல்லாம் என் வாய்தான். சார்ஜ் முழுசாக இருக்கும், ஸ்பீக்கர் சும்மா மடியில் உட்கார்ந்திருக்கும். போகப் போகக் கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்தேன். நாய்க் கத்தலில் ஓர் இழுப்பு, தீனிக் கத்தலில் ஒரு கொஞ்சல். முப்பத்தேழாவதில் கொஞ்சம் சோகம். ஒவ்வொரு சாயங்காலமும் அக்காவின் முகம் பௌர்ணமி. இப்படி ஒரு பதில் எந்தக் குரங்கும் எந்த ஊரிலும் கொடுத்ததில்லை என்று கைடிடம் போய்ச் சொன்னாள். தவளைத் தொண்டையும் ஒரு வழியாக "அப்படியா" என்றது.

அப்புறம் அந்த நாள். மாசித் திருவிழாவுக்கு மறுநாள் காலை. மலைப்பாதை முழுக்க வாழைப்பழத் தோல், உடைத்த தேங்காய். கோயில் கூட்டம் தொட்டிக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கு எதிரே நிற்கிறது. பழ வாசனைக்கு ஸ்டாண்டு கூட்டமும் மேலே ஏறி வந்துவிட்டது, என் பாறைக்குப் பின்னால், இருபத்தாறு. அக்காவுக்குத் தெரியாது, பாறை மறைக்கிறது, காதில் நாதஸ்வரம். எனக்குத்தான் இரண்டும் தெரியும். அதற்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள்: இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் நின்றால் அன்றைக்கு வேலை கிடையாது, நான் சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். துண்டு என் கழுத்தில்தான் கிடந்தது. எடுத்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

நாற்பத்தைந்து குரங்கு அத்தை. அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் நான் அதுவரை கச்சேரி பண்ணினதே இல்லை.

சீட்டில் முப்பத்தேழு என்று இருந்தது. கொடுத்தேன். கோயில் கூட்டம் முழுக்க என் பாறையைப் பார்த்துத் திரும்பியது. ஒரு பாட்டோடு யாராவது இறங்குவார்களா? மிலிட்டரி சண்டைக்குக் கூப்பிடும்போது நெஞ்சிலிருந்து ஓர் உறுமல் வரும், அதையும் கொடுத்தேன். குட்டி கத்துகிறது, உடனே மிலிட்டரி உறுமுகிறான். கேட்கிறவனுக்கு என்ன தோன்றும்? மிலிட்டரி குட்டியைப் பிடித்துவிட்டான் என்று தோன்றும். நாடகம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

வட்டச் செயலாளர் தொட்டி மேலிருந்து குதித்தான். மிலிட்டரியின் முதுகுத் தோல் பழைய சேலை கிழிவது போலக் கிழிந்தது. அதற்கப்புறம் யார் யாரைக் கடித்தது என்று எண்ண முடியாது. வாலைப் பிடித்துச் சுற்றி அடிக்கிறது ஒன்று. கிழட்டுப் பெண் ஒன்றைக் கீழே தள்ளி மூன்று பேர் முகத்தைக் கடிக்கிறார்கள். ஒரு இளந்தாரிக்குத் தாடை தொங்கிவிட்டது, தொங்கின தாடையோடு திரும்பவும் போய் விழுகிறான். தொட்டிச் சுவர் பூராவும் ரத்தம் விசிறி அடித்தது போல. ஒரு விரல் தனியாகப் பாறையில் கிடந்தது அத்தை, நகத்தோடு. மனுஷ விரல் மாதிரியே இருந்தது. நான் பாறை உச்சியில் ஏறி நின்றுகொண்டேன். என்னை ஒன்றும் தொடவில்லை.

சிட்டு குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டே ஓடி வந்தாள். மற்றதெல்லாம் ஓடிப்போய் மரத்தில் ஏறுகிறது, இவள் என்னைப் பார்த்து வருகிறாள். ஏதோ ஒரு குட்டி கத்தினதே, அதைத் தேடி. குட்டி தன் வயிற்றில்தான் இருக்கிறது, அது கூடத் தெரியவில்லை. முதல் பிள்ளைக்காரி, அனுபவம் பத்தாது. குறுக்கே மிலிட்டரி. குட்டியின் பிடரியைக் கவ்வி இழுத்தான். அவள் விடவில்லை. இவன் விடவில்லை. கடைசியில் அவன் ஜெயித்து, இரண்டு உதறு உதறி, சிதறுகாய் போடுவது போலப் பாறையில் போட்டான். குட்டி ஒரு தடவை கத்தியது. அதுவும் முப்பத்தேழு மாதிரிதான் இருந்தது. என்னுடையது இன்னும் கொஞ்சம் நீளம்.

அக்கா ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குடையோடு உள்ளே பாய்ந்தாள். குரங்குச் சண்டைக்குள் போகக் கூடாது என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்தான். மிலிட்டரி வலது உள்ளங்கையைக் கவ்விவிட்டான். எலும்பு நொறுங்கின சத்தம் பாறை வரைக்கும் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளையை ஒடிப்பது போல, இப்படி: ட்டக். டீக்கடை சுடலைமுத்து அண்ணாச்சி உண்டிவில்லோடு ஏறி வந்தார். மிலிட்டரிக்குக் குறி வைத்தார், கல் சிட்டுவின் கண்ணில் பட்டது. அப்புறம் ஊர் ஆட்கள் கம்பு, கடப்பாரை என்று வந்து, முகம் கடிபட்ட கிழடு ஓட முடியாமல் கிடந்ததை அடித்தே கொன்றார்கள். அது யாரையும் கடிக்கவில்லை. நானும் யாரையும் கடிக்கவில்லை. அதை யாராவது கேட்டார்களா?

சிட்டு அந்தச் செத்த குட்டியை ஒன்பது நாள் கையில் வைத்திருந்தாள். ஒற்றைக் கண்ணோடு. ஈ மொய்க்கும், ஊதிவிடுவாள். வாயில் பால் வைத்துப் பார்ப்பாள். பத்தாம் நாள் கையில் வெறும் தோல்தான் இருந்தது. அக்கா கட்டுப் போட்ட கையோடு தினமும் போய்ப் பார்த்து எழுதினாள். இடது கையால். கோழி கிளறினது போல எழுத்து.

அவளுக்கு நரம்பு அறுந்துவிட்டது, இரண்டு விரல் இனிமேல் மடங்காது என்று டாக்டர் சொன்னார். எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டை யார் டைப் அடிப்பது? நான்தான். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். என் படிப்பை விட்டுவிட்டு அடித்தேன், அதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சண்டை பற்றி மட்டும் ஒரு முழு அத்தியாயம். அதன் கடைசி வரிக்கு வந்தபோது சொன்னாள்: "மோதலுக்கான காரணம் தெரியவில்லை." அடித்தேன். வாழைப்பழம் என்று போடலாமே அக்கா என்று கூட எடுத்துக் கொடுத்தேன். ஊகத்தை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள். தெரியவில்லை என்றே இருந்தது.

ப்ராஜெக்டைக் கொடுத்தாயிற்று. வைவா என்று நேரில் கேள்வி கேட்பார்களே, அது ஒன்றுதான் பாக்கி. வைவாவில் காட்டுவதற்கு, ஒரு சத்தத்தைப் படமாக்கி, கோடு கோடாக வருமே, அதை வைக்கலாம் என்று நினைத்தாள். கேமராவில் பதிவான சத்தத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திறந்தாள். ஸ்பீக்கர் மூச்சு வாங்குமா அத்தை? படத்தில் ஒவ்வொரு கத்தலுக்கு முன்னாலும் ஒரு மூச்சு. அக்கா அதைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தாள். நான் பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். அப்புறம் திருவிழாவுக்கு மறுநாள் பதிவைப் போட்டாள். முப்பத்தேழு. உறுமல். அதற்கப்புறம், சண்டை தொடங்குவதற்கு முன் ஒரு அரை செகண்டு, ஒரு சிரிப்பு. அடக்கின சிரிப்பு. அதை நான் யாரைப் போலவும் செய்யவில்லை, அது என்னுடையதே.

மூன்று தடவை போட்டுக் கேட்டாள். எழுந்தாள். கேமரா ஸ்டாண்டின் ஒரு காலைக் கழற்றினாள். இடது கைதானே என்று நான் கூட அசட்டையாக இருந்துவிட்டேன். முதல் அடியில் இந்தப் பல் போனது, பாருங்க. அப்புறம் முதுகு, முழங்கை, விழுந்த பிறகு விலா. அம்மா வந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள், அவளுக்கும் ஒன்று விழுந்தது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை அத்தை, அதுதான் பயம். திட்டியிருந்தால் நானும் அவள் குரலிலேயே திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கு வாயில் ரத்தம், அவளுக்குப் பழைய காயம் பிரிந்து கையில் ரத்தம். அன்றைக்கு நின்ற பேச்சுதான். இன்றோடு தொண்ணூற்றேழு நாள்.

மறுநாளே போய், என் ப்ராஜெக்டைத் திருப்பிக் கொடுங்க, அதில் இருக்கும் எண்ணெல்லாம் பொய் என்று தங்கமாரியப்பன் சாரிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா கூடப் போனாள், வந்து சொன்னாள். அவர் முதலில் கெஞ்சினாராம், யாருக்கும்மா தெரியப் போவுது, வைவாவ முடிச்சிட்டுப் போ என்று. இவள் கேட்கவில்லை. உடனே அவருக்குப் பயம் வந்துவிட்டது, கையெழுத்து அவருடையது இல்லையா? யூனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டுவிட்டார். மனுஷத் தொண்டையில் அப்படிச் சத்தம் வராது, இந்தப் பெண் கம்ப்யூட்டரில் சத்தம் செய்து, எண்ணை இட்டுக்கட்டி, மாட்டிக்கொள்வோம் என்றதும் சின்னப் பிள்ளை மேல் பழி போடுகிறது என்று. மோசடி என்று தீர்ப்பானால் பேரை அடித்துவிடுவார்கள். மூன்று வருஷம் எங்கேயும் படிக்க முடியாது. இவள் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க உலகத்திலேயே ஒரே ஒரு தொண்டைதான் இருக்கிறது. இன்றைக்குக் காலை அந்தத் தொண்டைக்குக் கற்கண்டு வாங்கிக் கொடுத்து அம்மா அனுப்பி வைத்தாள்.

மாடியில் ஒரு ரூம். நீள மேஜை. நடுவில் தலைவர் ஹெலன் ஜெபராணி மேடம். ஜெபக்கூட்டத்தில் பேசுவது போல ஒவ்வொரு வார்த்தையையும் கழுவி வைத்துப் பேசுவார்கள். பக்கத்தில் பேசாத இரண்டு புரொபசர்கள், ஓரமாகத் தங்கமாரியப்பன் சார். நான் உள்ளே போனதும் அவர் குரலிலேயே "வணக்கம்மா, முழங்கால் வலி" என்றேன். பேசாத இரண்டு பேரில் ஒருத்தர் தும்முவது போலச் சிரித்தார். அக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

மேடம் லேப்டாப்பைத் திறந்து வைத்தார்கள். நாய்க் கத்தலைச் செய்யச் சொன்னார்கள். செய்தேன். கோடுகள் வந்தன. பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். "ஒத்துத்தான் வருது," என்றார்கள். தவளை விடவில்லை: நாய்க் கத்தல் எந்த மிமிக்ரிக்காரனும் செய்வான் மேடம், விவகாரம் முப்பத்தேழில்தான். சரி, அதையும் செய்யம்மா என்றார்கள்.

"மேடம், அது வேண்டாம்," என்றாள் அக்கா. அந்த ரூமில் அவள் முதல் முதலாகப் பேசியது அதுதான். மேடம் பொறுமையாகச் சொன்னார்கள், அதுதானம்மா வழக்கே, அது இல்லாவிட்டால் உனக்குச் சாட்சியே இல்லை. அக்கா போய் ஜன்னலைச் சாத்தினாள். ஒவ்வொன்றாக, மடங்காத விரலை வைத்துக்கொண்டு, ஆறு ஜன்னல். வெளியே வேப்ப மரத்தில் அந்த ஊர்க் குரங்குகள் உட்கார்ந்திருந்தன, நான் அப்போதுதான் பார்த்தேன். ஏழாவது ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, அட்டை வைத்து மறைத்திருந்தார்கள்.

நல்ல சபை, நல்ல அமைதி. நான் கொடுத்தேன் அத்தை. அடிவயிறு வற்றக் கொடுத்தேன்.

அட்டையைக் கிழித்துக்கொண்டுதான் முதல் குரங்கு வந்தது. வயிற்றில் குட்டியோடு. எங்கள் ஊர் கூட இல்லை, முன்பின் தெரியாத குரங்கு. பின்னாலேயே ஏழெட்டு. மேஜை மேல் ஒன்று, ஃபேன் மேல் ஒன்று. தங்கமாரியப்பன் சார் கையை ஓங்கினார், புஜத்தில் ஒரு வாய்ச் சதையோடு சட்டை போய்விட்டது. பேசாத புரொபசர் இரண்டு பேரும் ரொம்ப நன்றாகப் பேசினார்கள். மேடம் மேஜைக்கு அடியில் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். பியூன் விளக்குமாற்றோடு ஓடி வந்து அந்தத் தாய்க் குரங்கை மூலையில் மடக்கி நாலு போடு போட்டான், அதற்கு மண்டை பிளந்து ரத்தம் குட்டி மேல் வடிகிறது. அக்கா விளக்குமாற்றைப் பிடுங்கி அவனையே ஒன்று வைத்தாள். கதவை அகலத் திறந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டன. தாய் கடைசியாகப் போனது. போகும்போது ரூமைத் திரும்பிப் பார்த்தது. எங்கேயோ ஒரு குட்டி கத்தினதே என்று.

அப்புறம் என்ன தீர்ப்பு, சொல்லவா வேண்டும்? மேடம் தலையைச் சரி பண்ணிக்கொண்டு, மோசடி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதோடு விடவில்லை அத்தை. இதுவரை யாரும் செய்யாத வேலை இது என்றார்கள். மனுஷக் குரலுக்குக் குரங்கு எப்படி ஏமாறுகிறது என்று தலைப்பை மட்டும் மாற்றிவிடு, பழைய எண்ணெல்லாம் அப்படியே செல்லும், புதிதாக ஓர் இருபது தடவை சேர்த்து எடு, இரண்டே மாதத்தில் பட்டம், மேலே பிஎச்.டி.க்கும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று, கடித்த இடத்தில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தவளைக்கு முன்னாலேயே சொன்னார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. என் தொண்டை, அவள் பட்டம்.

அக்கா சொன்னாள்: "அப்போ இன்னும் இருபது தடவை அவ அந்தச் சத்தத்தக் குடுக்கணும் மேடம். எனக்கு அது வேண்டாம்."

மேடம் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தார்கள். ஒரு வருஷம் போய்விடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஸ்பீக்கர் கூடக் கிடையாது, சும்மா உட்கார்ந்து பார்த்து எழுதுவதுதான் மிச்சம் என்றார்கள். அதுவே போதும் என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். நான் டைப் அடித்த பக்கம். நான் ஒன்றும் மாட்டேன் என்று சொல்லவில்லையே. இருபது என்ன, இருநூறு கொடுக்கிறேன் என்று அங்கேயே சொன்னேன். படிக்கட்டு முழுக்க அவள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு இறங்கினேன். சொல்லுங்க அத்தை, இதில் பைத்தியம் யார்? ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீங்க?

மலை தெரிகிறது, அதோ. இந்த வளைவு தாண்டினால் தண்ணீர்த் தொட்டிச் சுவர் ரோட்டை ஒட்டி வரும். நீங்க இந்தப் பக்கம் வந்து ஜன்னலோரம் உட்காருங்க. எனக்குக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் பயம் இல்லை. நான் இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வாய்க்கால் பக்கமாகச் சுற்றித்தான் போகிறேன், அது வேறு விஷயம்.

எழுந்து வருகிறாள். இங்கேதான் வருகிறாள். ஷட்டரை இறக்குகிறாள் பாருங்க, ஒற்றைக் கையால், வலித்தாலும்.

"தொட்டி தாண்டுற வரைக்கும் வாயத் தொறக்காத. சிட்டு செவத்துல உக்காந்திருக்கும்."

கேட்டீங்களா அத்தை? என்னிடம்தான் சொன்னாள். தொண்ணூற்றேழு நாள் கழித்து, என்னிடம். நான் சொன்னேன் இல்லையா, கூடப் பிறந்தவள் எத்தனை நாள் பேசாமல் இருப்பாள்.

சரி, நான் பேசவில்லை. மூச்சு கூட மெதுவாகத்தான் விடுகிறேன். நீங்க மட்டும் அந்த ஷட்டர் இடுக்கு வழியாகக் கொஞ்சம் பாருங்க. சுவரில் ஒற்றைக் கண்ணோடு ஒன்று இருக்கிறதா? கையில் ஏதாவது வைத்திருக்கிறதா?